கோர்ட்டை விட்டு இறங்கிய வக்கீல்

நல்லூர் வட்டார வரலாறு – 17

சென்ற வாரம் குமரனோடு நிறுத்தியிருந்தோம். 1932 ஜனவரி 10ஆம் தேதி பி.எஸ். சுந்தரம் தலைமையில் கிளம்பிய ஊர்வலத்தில் தடியடி பட்டு, மறுநாள் உயிரைவிட்டபோது அவருக்கு 27 வயது. அவரைவிட ஒரு வயது மூத்த இன்னொரு திருப்பூர்க்காரரும் அதே 1932இல் சிறைக்குப் போனார். குமரன் கணக்கெழுதிப் பிழைத்தவர். இவரோ பி.எல். படித்தவர், கோவையில் பெரிய வக்கீலிடம் தொழில் பழகியவர். குமரன் பெயரில் நம்மூரில் சாலை இருக்கிறது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நினைவகம் இருக்கிறது. இவர் பெயரைச் சொன்னால், "அது கோயமுத்தூருல இருக்கிற பொண்ணுங்க காலேஜுங்களே" என்கிறார்கள். காலேஜ்தான். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் பிறந்தது திருப்பூரில்.

தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903 மே 5ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணியம் செட்டியார், தாயார் பழனியம்மாள். பள்ளிப்படிப்பு திருப்பூரிலும் கோவையிலும், பட்டப்படிப்பு சென்னை பச்சையப்பன் கல்லூரியில், பிறகு சென்னைச் சட்டக் கல்லூரி. 1926இல் கோவையில் உறவினரான தி.அ. இராமலிங்கம் செட்டியாரிடம் வக்கீல் தொழில் தொடங்கினார். இந்த இராமலிங்கம் செட்டியாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோவைக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியான அவர் இந்த அத்தியாயத்தின் நடுவில் இன்னொரு முறை வருவார்.

அந்தக் காலத்தில் காங்கிரஸ் மேடையில் வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை. சேலத்தில் தொழில் நடத்திய ராஜாஜி, சென்னையில் சத்தியமூர்த்தி, பாரிஸ்டர் பிரகாசம் என்று வரிசை நீளும். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது கோர்ட்டைப் புறக்கணிக்கச் சொன்னார் காந்தி. பலர் தொழிலை விட்டார்கள். அலை ஓய்ந்ததும் அவர்களில் சிலர் கறுப்புக் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். அவினாசிலிங்கம் தொழிலுக்கு வந்ததே அந்த அலை ஓய்ந்த பிறகுதான். நியாயமாகப் பார்த்தால் இருபது வருஷம் வழக்கு நடத்திச் சொத்து சேர்த்துவிட்டு அரசியலுக்கு வந்திருக்க வேண்டும். நாலே வருஷத்தில் போக்கு மாறிவிட்டது.

மாறியதற்கு ஊரும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1920களின் திருப்பூரில் இரண்டு தொழில்கள் ஒரே சமயத்தில் வளர்ந்தன. 1925இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்கிலிருந்து பனியன் தொழிலின் கணக்கு ஆரம்பிக்கிறது. அதே 1925இல் காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தை அமைத்தார். திருப்பூர் அதன் பெரிய கதர் மையங்களில் ஒன்றாயிற்று. ஊருக்குள் மெஷின் பனியனும், சுற்றியுள்ள கிராமங்களில் ராட்டையும் தறியும். காந்தி இங்கு வந்தால் தங்குவது ஆஷர் குடும்பத்தின் பத்மாவதிபுரத்தில். இப்படிப்பட்ட ஊரில் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பையன் கதர் கட்டுவதில் வியப்பில்லை. கதர் கட்டியதோடு நிற்காமல் போனதுதான் கவனிக்க வேண்டியது.

அவரை இழுத்த இன்னொரு பக்கம் பேலூர் ராமகிருஷ்ண மடம். ராமகிருஷ்ணரின் நேர்ச்சீடர் சுவாமி சிவானந்தரிடம் அவருக்குப் பற்று உண்டாயிற்று. திருமணம் செய்துகொள்ளவில்லை, காவியும் கட்டவில்லை. கடைசிவரை வெள்ளைக் கதர்தான். 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். ஒரு சின்ன வீடு, விரல்விட்டு எண்ணும் அளவில் பிள்ளைகள், அவர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளையும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே பந்தி. 1930ஆம் வருஷக் கோவை மாவட்டத்தில் இதற்கு என்ன பொருள் என்பதை இரட்டைக் குவளை பார்த்த தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. அதே வருஷம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை. 1932இல் மறுபடி சிறை. பிறகு 1941, 1942. மொத்தம் நான்கு தடவை. பள்ளி நிறுவனர் உள்ளே, பள்ளி வெளியே என்று பல மாதங்கள் ஓடின.

1934 பிப்ரவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாடு வந்த காந்தி, மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். இன்று அங்கே கலைக் கல்லூரி, ஆசிரியர் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி என்று ஒரு கல்வி நகரமே நிற்கிறது.

இந்த இடத்தில் ஓர் அயர்லாந்துக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பாட்ரிக் பியர்ஸ் 1901இல் பாரிஸ்டர் ஆனவர். கோர்ட்டில் நின்ற வழக்குகள் சொற்பம். அயர்லாந்து மொழி அழிகிறது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1908இல் டப்ளினில் புனித எண்டா பள்ளியைத் திறந்தார். அயர்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம். தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகம் 1913இல் அந்தப் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக டப்ளினில் மேடையேறியது. மூன்று வருஷம் கழித்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை ஏற்று, 1916 மே 3ஆம் தேதி துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். வக்கீல் தொழில், மொழிப்பற்று, பள்ளிக்கூடம், அரசியல் என்று இருவரிடமும் ஒரே கூட்டணி, முடிவுகள்தாம் நேரெதிர். அதே டப்ளினில் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த வி.வி. கிரியை, எழுச்சி அடங்கிய பின் பிரிட்டிஷ் அரசு நாட்டை விட்டுப் போகச் சொன்னது. முப்பது வருஷம் கழித்து, 1946இல், சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைத்த மந்திரிசபையில் கிரி தொழிலாளர் அமைச்சர். கல்வி அமைச்சர் நம் அவினாசிலிங்கம்.

அதற்கு முன் பத்து வருஷம் டில்லியில். 1934 தேர்தலில் சத்தியமூர்த்தி உள்ளிட்ட காங்கிரஸ்காரர்கள் மத்திய சட்டசபைக்குப் போனபோது இவரும் போனார். 1945 வரை உறுப்பினர். புலாபாய் தேசாய் தலைமை, சத்தியமூர்த்தியின் நாவன்மை. அவர்களுக்கு நடுவே இவர் பெரிய பேச்சாளர் அல்லர். டில்லி வருஷங்களை இத்தோடு விட்டுவிட்டுச் சென்னைக்கு வருவதே நல்லது.

பிரகாசத்தின் மந்திரிசபை பற்றி நம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. மாகாணத்தில் புதிய பஞ்சாலைகள் வேண்டாம், கதரை வளர்ப்போம் என்று பிரகாசம் கிளம்பினார். காந்தி ஆதரித்தார். ஆலை முதலாளிகளும் கட்சிக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1947 மார்ச்சில் மந்திரிசபை கவிழ்ந்தது, திட்டமும் போயிற்று. அது நிலைத்திருந்தால் நல்லூரிலும் காங்கேயம் சாலை நெடுகிலும் இன்று எந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அடுத்து வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வக்கீல் அல்லர், விவசாயி. அவரும் கல்வித் துறையை அவினாசிலிங்கத்திடமே விட்டுவைத்தார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவி விலகும்வரை, மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலம். அந்த மூன்று வருஷத்தில் நடந்தவைதாம் அவரைப் பற்றி எழுத வைக்கின்றன.

முதலில் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்த ஒன்று. நல்லூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவரோ, பத்து பவர் டேபிள் போட்டுக் கம்பெனி நடத்துகிறவரோ, சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 2011இல் நல்லூர் நகராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தபோது ரசீதின் தலைப்பு மாறியது. அந்த வரி மாறவில்லை. அதன் வேர் 1948ஆம் வருஷச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1930இலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். மாகாணத்தில் முன்பு நடந்த முயற்சி நின்றுபோயிருந்தது. அவினாசிலிங்கம் அதைக் கையில் எடுத்துச் சட்டமாக்கினார். கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945இல் ஒரு சட்டம் வந்திருந்தாலும், சுதந்திர இந்தியாவில் முதலாவது இதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

இதில்தான் வக்கீல் தெரிகிறார். நல்ல மனசுள்ள அமைச்சராக மட்டும் இருந்திருந்தால் ஊருக்கு ஊர் நூலகம் திறக்கப் பணம் ஒதுக்கியிருப்பார். அடுத்த அமைச்சர் அதை வெட்டியிருப்பார். இவர் செய்தது வேறு. மாவட்டத்துக்கொரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று தனி வரி, அந்த வரியை வேறு எதற்கும் தொடக்கூடாது என்ற ஏற்பாடு. யார் ஆட்சிக்கு வந்தாலும் காசு வந்துகொண்டே இருக்கும்படி சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கட்டுகின்றனவா என்பது வேறு கதை. அந்தக் குற்றத்தைச் சட்டத்தின் மேல் சுமத்த முடியாது.

இரண்டாவது பாரதி. பாரதியார் 1921இல் இறந்தார். அவர் நூல்களின் உரிமை குடும்பத்திலிருந்து பாரதி பிரசுராலயத்துக்குப் போயிற்று. பாட்டை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே விற்கப்பட்டு, ஒரு வணிகரிடம் இருந்து, கடைசியில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன. அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைத் தகராறு கிளம்பியது. நாட்டுக்கே பாடிய கவிஞனின் பாட்டை ஒரு தனியார் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று எழுத்தாளர்கள் திரண்டார்கள். நாரண துரைக்கண்ணனும் டி.கே. சண்முகமும் அதில் முன்னே நின்றார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் கேட்டது நியாயம். ஆனால் உரிமை வைத்திருந்தவர்களும் காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கியவர்களே. பறித்துக்கொண்டால் கோர்ட்டில் நிற்காது. 1949 மார்ச்சில் சட்டசபையில் கல்வி அமைச்சர் எழுந்து, பாரதி நூல்களின் உரிமையை அரசே பெற்றுக்கொள்ளும் என்று அறிவித்தார். அறிவித்தபடி உரிமையாளர்களிடம் எழுத்தில் பெற்றார்கள். மெய்யப்பச் செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். கவிஞரின் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. 1955இல் அரசு அந்த உரிமையையும் விட்டு, யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம் என்றாக்கியது. அப்போது கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம்; அவரும் கோவையில் வக்கீலாக இருந்தவர்தான். இந்த வரலாறு முழுவதையும் ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 1948ஐ மறைத்தால் நான் எழுதுவது வரலாறு ஆகாது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946இல் நிறுவிய அதே அவினாசிலிங்கத்தின் துறையிலிருந்து 1948இல் இந்தி ஆணை வந்தது. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளில் இந்தி கட்டாயம், தமிழ்ப் பகுதியில் விருப்பம் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் தமிழ்ப் பகுதிக்கும் கட்டாயம் நீண்டது. பத்து வருஷத்துக்கு முன் ராஜாஜி இதே காரியத்தைச் செய்து, அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரைவிட்டிருந்தார்கள். அது தெரிந்தும் செய்தார்கள். பெரியாரும் அண்ணாவும் களத்தில் இறங்கினார்கள். மறைமலையடிகளும் திரு.வி.க.வும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஆகஸ்டில் கவர்னர் ஜெனரலாகச் சென்னை வந்த ராஜாஜிக்குக் கறுப்புக்கொடி. 1950இல், அவினாசிலிங்கம் பதவியில் இல்லாதபோது, கட்டாயம் கைவிடப்பட்டது.

அவருக்காக வாதாடுகிறவர்கள், அது காங்கிரஸின் கொள்கை, மந்திரிசபையின் கூட்டு முடிவு என்பார்கள். கூட்டு முடிவுதான். துறை அவருடையது அல்லவா? இந்தி பொதுமொழியாக வேண்டும் என்பதில் காந்தி உறுதியாக இருந்தார். காந்தி சொன்னதை அவினாசிலிங்கம் மறுத்ததில்லை. தமிழில் உயர்கல்வி வரவேண்டும் என்பதிலும் உண்மையாகவே ஆசை வைத்திருந்தார். இரண்டும் மோதும் என்பது அவருக்குப் படவில்லை, தெருவில் நின்றவர்களுக்குப் பட்டது. மறுவருஷம், 1949 செப்டம்பரில், அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் வந்தபோது தென்னாட்டுக்கு இது வாழ்வா சாவா என்கிற பிரச்சினை என்று எழுந்து பேசியவர் யார் தெரியுமா? அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தி.அ. இராமலிங்கம் செட்டியார். இந்த ஒரு விஷயத்தில் சீனியர் வக்கீலின் கண்ணுக்குத் தெரிந்தது ஜூனியருக்குத் தெரியாமல் போயிற்று.

மூன்றாவது, நான் பெரிதாக நினைப்பது, கலைக்களஞ்சியம். சுதந்திரம் வந்த 1947இலேயே தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியாகத் திட்டம் எழுந்தது. பிரிட்டானிக்கா போல ஒன்று தமிழில், தமிழர்களே எழுதியதாக, அகரவரிசையில். முதன்மை ஆசிரியராக பெ. தூரனைக் கொண்டுவந்தார். தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். 1931இல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதைக் கண்டித்துப் பி.ஏ. தேர்வையே எழுதாமல் விட்டவர். கவிஞர், கீர்த்தனைகள் எழுதியவர். பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவரை அவினாசிலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். டிகிரி இல்லாத பள்ளி ஆசிரியரைப் பெரும்பேராசிரியர்கள் நிறைந்த வேலைக்குத் தலைவராக்குவது லேசான முடிவு அல்ல. ஆள் பார்த்து வேலை கொடுக்கும் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963இல். இணைப்பாகப் பத்தாவது 1968இல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டுரை எழுதினார்கள். இயற்பியலும் தாவரவியலும் சட்டமும் பொருளாதாரமும் தமிழில் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு அது பக்கம் பக்கமாகப் பதில். அது முடிந்ததும் ஓயாமல் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளை 1968 தொடங்கி 1976க்குள் முடித்தார்கள். அமைச்சர் பதவி போய்ப் பத்தொன்பது வருஷமான பிறகும் கழகத்தின் தலைவராக இருந்து பணத்துக்கு அலைந்து கடைசித் தொகுதிவரை இழுத்து வந்தவர் அவினாசிலிங்கம். அமைச்சராக இருந்தபோது தொடங்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். முடித்துக் கொடுத்தவர்களை எண்ண ஒரு கை போதும். தூரனுக்கு 1968இல் பத்மபூஷண் வந்தது, அவினாசிலிங்கத்துக்கு 1970இல். தலைவரைவிட ஆசிரியர் முந்திக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் திருப்பூர்த் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1957 வரை அங்கே, பிறகு 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை. 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். மனையியல் என்றால் சமையல் கற்றுக்கொடுப்பதா என்று கேலி பேசியவர்கள் உண்டு. சத்துணவு அறிவியலில் அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்ற ராஜம்மாள் தேவதாஸ் முதல்வராக வந்த பின் கேலி அடங்கியது. 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ராஜம்மாளே துணைவேந்தரும் ஆனார். கல்லூரி, அறக்கட்டளை எல்லாம் அவினாசிலிங்கத்தின் பெயரில் இருந்தாலும் அவருக்கென்று எதுவும் இல்லை. குடும்பம் இல்லை, வாரிசு இல்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் 'அய்யா' என்றார்கள். 1991 நவம்பர் 21ஆம் தேதி, 88 வயதில் காலமானார்.

நம்மூர் அவரை விட்டுவிட்டது என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அதில் பாதிப் பொறுப்பு அவருடையது. அவர் கட்டியதெல்லாம் கோவையிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் சென்னையிலும்தான். ஓட்டுப் போட்ட திருப்பூரில் அந்த அளவுக்கு எதையும் நிறுத்தவில்லை. பனியன் தொழில் பெருகி, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் செக்கிங்குக்கும் கைமடிக்கவும் போன பிந்தைய வருஷங்களில் அவர் போன்ற ஒருவர் இங்கே இருந்திருக்க வேண்டும். மீதிப் பாதி நம்முடையது. கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. செல்போனில் பார்க்கலாம். இந்த வாரம் லீவு நாளில் ஏதாவது ஒரு தொகுதியைத் திறந்து, உங்கள் தொழிலுக்கு நெருங்கிய பருத்தியையோ நெசவையோ தேடி ஒரு கட்டுரை படித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம்: பத்மாவதிபுரமும் ஆஷர் குடும்பமும்.